வலுக்குறைந்தவரைச் சூழ ஓர் அரண்

நிர்ப்பீடனம் குன்றியோரை வைரசுத் தொற்றிலிருந்து காத்தல்: குடும்பங்களுக்கான பாடம்

இலையுதிர் காலம் தொடங்கியதும் ஜேர்மனியின் வீடுகளிற் சாளரங்கள் மூடப்படுகின்றன. உறவினர் ஓர் அறையிற் கூடுகின்றனர். பிள்ளைகள் கீட்டாவிலிருந்தும் பாடசாலையிலிருந்தும் தடிமனை வீட்டிற்குக் கொண்டுவருகின்றனர். உடல்நலமுள்ள ஒருவருக்கு அது சில நாள் மூக்கொழுகலோடு முடிந்துவிடும். அதே வீட்டில் சிறுநீரகம் மாற்றப்பட்ட தந்தையோ, புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் தாயோ இருப்பின், அதே வைரசு நுரையீரல் அழற்சியாக மாறிப் பல வாரங்கள் வைத்தியசாலையிற் கிடத்திவிடக்கூடும். "வெறும் தடிமன்தானே" என்னும் சொல் இருவருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை.

இப்பாடம் அத்தகைய ஒருவர் வாழும் குடும்பத்திற்கும், அவரைப் பார்க்கச் செல்லும் உறவினருக்கும், நண்பருக்கும் உரியது. நிர்ப்பீடனம் குன்றியவரின் பாதுகாப்பிற் பெரும்பகுதி அவரைச் சூழ வாழ்வோர் கையில் உள்ளது என்பதே இதன் மையக் கருத்து. அது ஏன் அவ்வாறாகிறது என்பதையும், சூழ வாழ்வோர் செய்யத்தக்கவை எவை என்பதையும் கீழே காணலாம். சிகிச்சை பற்றிய முடிவுகளை எப்போதும் வைத்தியரோடு கலந்தே எடுத்தல் வேண்டும்.

1. நிர்ப்பீடனம் குன்றுவது எவ்வாறு?

உடலினுட் புகும் வைரசை எதிர்க்கும் பணியை வெண்குருதிக் கலங்கள் ஆற்றுகின்றன. அவற்றுள் பீ கலங்கள் பிறபொருளெதிரிகளை உருவாக்குகின்றன. இவை வைரசு கலத்தினுள் நுழையுமுன் அதனைப் பற்றிக்கொள்ளும். ரீ கலங்கள் ஏற்கெனவே வைரசு புகுந்துவிட்ட கலங்களை இனங்கண்டு அழிக்கின்றன. ஒருமுறை எதிர்கொண்ட கிருமியை இவ்விருவகைக் கலங்களும் நினைவில் வைத்திருக்கின்றன. நோயெதிர்ப்பாற்றல், அதாவது நிர்ப்பீடனம், பெரும்பாலும் இந்நினைவையே சார்ந்துள்ளது.

இவ்வாற்றல் பல காரணங்களாற் குன்றும்.

உறுப்பு மாற்றம் பெற்றோர்: மாற்றப்பட்ட சிறுநீரகத்தையோ ஈரலையோ உடல் அந்நியப் பொருளெனக் கருதித் தாக்காதிருக்க, டக்ரோலிமுஸ், சிக்ளோஸ்போரின் போன்ற மருந்துகளை அவர்கள் வாழ்நாள் முழுவதும் உட்கொள்கின்றனர். அம்மருந்துகள் ரீ கலங்களை அடக்குகின்றன. உறுப்பைக் காக்கும் மருந்தே வைரசுக்கு வழியையும் திறந்துவிடுகிறது.

புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர்: விரைந்து பிரியும் கலங்களை அழிக்கும் கீமோ மருந்துகள் என்பு மச்சையையும் தாக்குவதால் வெண்குருதிக் கலங்களின் எண்ணிக்கை குறைகிறது. குருதிப் புற்றுநோய் உடையோருக்கு நோயே அக்கலங்களைப் பாதிக்கிறது.

தன்னுடல் தாக்கு நோய் உடையோர்: மூட்டுவாதம், லூபஸ், எம்.எஸ். போன்ற நோய்களுக்கு நிர்ப்பீடனத்தைத் தணிக்கும் மருந்துகள் வழங்கப்படுகின்றன. நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் அல்லது அதற்கு மேற்பட்ட பிரெட்னிசொலோனை இரு வாரங்களுக்கு மேலாக உட்கொள்பவரும் இவ்வகையிற் சேர்வார். ரிட்டுக்சிமாப் என்னும் மருந்து பீ கலங்களையே பல மாதங்களுக்கு நீக்கிவிடுகிறது.

எச்.ஐ.வி. உடையோர்: ஒழுங்காகச் சிகிச்சை பெறுபவரின் நிர்ப்பீடனம் பெரும்பாலும் நன்னிலையில் இருக்கும். ஒரு மைக்ரோலீற்றர் குருதியிற் சீ.டீ.4 கலங்கள் 200க்குக் கீழ் வீழ்ந்தால் இடர் மிகும்.

பிறவியிலேயே குறைபாடுடையோர்: இவர்கள் தொகையிற் சிலரே, எனினும் இவர்களின் நிலை மிகக் கடுமையானது. ஜேர்மனியில் 2019 ஆகஸ்ட் முதல், பிறந்த குழந்தையின் குதிக்காலிலிருந்து எடுக்கப்படும் குருதித் துளியில் கடும் பிறவி நிர்ப்பீடனக் குறைபாடும் பரிசோதிக்கப்படுகிறது. ஆதலாற் பெற்றோர் அப்பரிசோதனையைத் தவறவிடலாகாது.

முதுமை, நீண்டகால நீரிழிவு, குருதிச் சுத்திகரிப்பு ஆகியனவும் இவ்வாற்றலை ஓரளவு குறைக்கின்றன. இவர்களிற் பலர் வெளித்தோற்றத்தில் நலமாகவே இருப்பர், வேலைக்குச் செல்வர், விழாக்களில் நிற்பர். பார்வையால் எவரையும் இனங்காண இயலாது.

2. தனிமைப்படுத்தல் ஏன் தீர்வாகாது?

அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் 1971இல் கடும் பிறவிக் குறைபாட்டோடு பிறந்த டேவிட் வெட்டர் என்னும் சிறுவன், கிருமிகள் புகாத நெகிழித் தாள் கூடத்தினுள்ளேயே ஏறத்தாழ வாழ்நாள் முழுவதும் வளர்க்கப்பட்டான். 1983இல் அவனுடைய சகோதரியின் என்பு மச்சை அவனுக்குச் செலுத்தப்பட்டது. அதனுள் எப்ஸ்டைன்–பார் வைரசு மறைந்திருந்ததை அக்காலப் பரிசோதனைகளால் அறிய முடியவில்லை. அவ்வைரசு புற்றுநோயை விளைவித்தது. 1984 பெப்ரவரியில், பன்னிரண்டாம் வயதில், அவன் இறந்தான். பன்னிரண்டு ஆண்டுகள் அடைத்து வைத்தும் வைரசை முற்றாக விலக்க முடியவில்லை. தொடுதலின்றி வளர்ந்த அந்த வாழ்வு எத்தகையதாக இருந்தது என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இன்று இத்தகைய குழந்தைகள் பிறந்தவுடன் கண்டறியப்பட்டு, முதல் மாதங்களிலேயே சிகிச்சை பெறுகின்றனர். ஏனைய நோயாளருக்கும் வாழ்நாள் முழுவதும் கதவடைத்திருத்தல் பொருத்தமான வழியன்று. பேரப்பிள்ளையைக் காணாத பாட்டியும், கோயிலுக்குச் செல்லாத தந்தையும் வேறு வகையில் நலிவர். ஆதலால் நோயாளரை அடைத்து வைப்பதிலும், அவரிடம் வருவோரைத் தொற்றற்றவராக ஆக்குவதே சிறந்தது.

3. நோயாளருக்குத் தடுப்பூசி மட்டும் ஏன் போதாது?

தடுப்பூசி உடலுக்கு ஒரு பாடத்தைக் கற்பிக்கிறது. கற்பதற்குரிய கலங்கள் குறைந்திருப்பின், பாடம் முழுமையாகப் பதிவதில்லை. உறுப்பு மாற்றம் பெற்றவர் உரிய ஊசிகள் யாவற்றையும் போட்டுக்கொண்ட பின்னரும் குறைவான பிறபொருளெதிரிகளையே உருவாக்கக்கூடும். ரிட்டுக்சிமாப் பெற்றவருக்கு அடுத்த ஆறு மாதங்கள் வரையிலேனும் ஊசியின் பயன் மிகக் குறைவாக இருக்கும்.

இதனால் ஊசி வீண் என்று கருதலாகாது. குறைந்த பாதுகாப்பும் கடும் நோயையும் மரணத்தையும் தவிர்க்க உதவும். ஆயினும் இரு விடயங்களை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

முதலாவது, காலம். நிர்ப்பீடனத்தை அடக்கும் சிகிச்சை தொடங்குமுன்னரே இயன்ற ஊசிகளைப் போட்டுக்கொள்வது நன்று. உறுப்பு மாற்றத்திற்காகக் காத்திருக்கும் காலம் இதற்கு மிகவும் உகந்தது. சிகிச்சை அவசரமாயின் ஊசிக்காக அதனைத் தாமதிக்கலாகாது.

இரண்டாவது, ஊசியின் வகை. செயலிழந்த தடுப்பூசிகளில் உயிருள்ள கிருமி இல்லை. அவை நிர்ப்பீடனம் குன்றியோருக்கு நோயை உண்டாக்கா. வலுவிழந்த உயிருள்ள கிருமியைக் கொண்ட ஊசிகள், நிர்ப்பீடனம் பெரிதும் அடக்கப்பட்டவருக்கு ஆபத்தானவை. சின்னமுத்து எனப்படும் மாசர்ன், கூகைக்கட்டு, ருபெல்லா ஆகிய மூன்றுக்கும் ஒன்றாகப் போடப்படும் ஊசி, கொப்புளிப்பான் எனப்படும் விண்ட்பொக்கனுக்கான ஊசி, மஞ்சட் காய்ச்சல் ஊசி, மூக்கினுள் தெளிக்கப்படும் இன்புளுவென்சா மருந்து என்பன இவ்வகையின.

இங்கேதான் சூழ இருப்போரின் கடமை தொடங்குகிறது. சின்னமுத்து ஊசியைப் போட முடியாத ஒருவருக்கு, சின்னமுத்து வராத அயலவரே தடுப்பூசி.

4. பேர்லின் தந்த பாடம்

2014 ஒக்ரோபரில் பேர்லினிற் சின்னமுத்து பரவத் தொடங்கியது. அடுத்த ஆண்டில் அது ஓயுமுன் அந்நகரில் 1,200க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்; 2015 பெப்ரவரியில் ஒன்றரை வயதுக் குழந்தையொன்று உயிரிழந்தது. நோயுற்றோரிற் பெரும்பாலார் தடுப்பூசி போடாதவர்கள். அவர்களிற் கணிசமானோர் வளர்ந்தவர்கள்.

சின்னமுத்து மிக எளிதிற் பரவும் வைரசு நோய்களுள் ஒன்று. நோயாளர் அறையை விட்டகன்ற பின்னரும் இரண்டு மணி நேரம் வரை வைரசு காற்றில் நிலைத்திருக்கும். தழும்புகள் தோன்றுவதற்கு நான்கு நாட்களுக்கு முன்பிருந்தே அவர் பிறருக்குத் தொற்றைக் கொடுக்கிறார். ஆகையால் "நோய் தெரிந்தபின் விலகிக்கொள்ளலாம்" என்னும் எண்ணம் இங்குப் பயன் தராது. சமூகத்தில் ஏறத்தாழ 95 சதவீதத்தினர் ஊசி பெற்றிருந்தாலே இவ்வைரசு பரவ வழியின்றித் தணியும்.

இதனைக் கருத்திற்கொண்டு 2020 மார்ச் 1ஆம் நாள் சின்னமுத்துப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கீட்டாவிற் சேரும் குழந்தைகளும், பாடசாலை மாணவரும், 1970ஆம் ஆண்டிற்குப் பின் பிறந்து இந்நிலையங்களிலோ மருத்துவ நிலையங்களிலோ பணியாற்றுவோரும் ஊசி பெற்றதற்கோ நிர்ப்பீடனம் உள்ளதற்கோ சான்று காட்டல் வேண்டும். மருத்துவக் காரணத்தால் ஊசி பெறவியலாதோருக்கு விலக்கு உண்டு. சான்று தராதோருக்கு 2,500 யூரோ வரை தண்டம் விதிக்கப்படலாம்.

இச்சட்டத்திற்கு எதிராகச் சில பெற்றோர் கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றத்தை நாடினர். 2022 ஜூலை 21ஆம் நாள் எடுத்த முடிவில் நீதிமன்றம் அம்முறைப்பாடுகளைத் தள்ளிற்று. ஊசியால் தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாதோரைக் காப்பது பெற்றோரின் உரிமையிற் செய்யப்படும் இக்குறுக்கீட்டை நியாயப்படுத்துகிறது என்பது அம்முடிவின் அடிப்படை. வலியோர் பெறும் ஊசி வலுக்குறைந்தோரின் அரண் என்னும் கருத்து இவ்வாறு நாட்டின் சட்டத்திலும் இடம்பெற்றது.

5. குடும்பத்தார் பெறவேண்டிய தடுப்பூசிகள்

ஜேர்மனியில் எவருக்கு எந்த ஊசி உகந்தது என்பதை, ரொபேர்ட் கொக் நிறுவகத்தில் அமைந்துள்ள நிலையான தடுப்பூசி ஆணைக்குழு பரிந்துரைக்கிறது. ஸ்டிக்கோ என அழைக்கப்படும் இவ்வாணைக்குழு, நோயாளரை மட்டுமன்றி அவரோடு ஒரே வீட்டில் வாழ்வோரையும் கருத்திற் கொள்கிறது.

இன்புளுவென்சா: நோயாளரும் அவரோடு வாழ்வோரும் அவரைப் பராமரிப்போரும் ஆண்டுதோறும் ஒக்ரோபர் முதல் டிசம்பருக்குள் பெறுதல் நன்று. பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ இரு வாரங்கள் செல்லும்.

கொவிட்-19: நோயாளருக்கும், ஊசியாற் போதிய பாதுகாப்புப் பெறவியலாதவரின் நெருங்கிய குடும்பத்தாருக்கும் பரிந்துரைக்கப்படுகிறது.

சின்னமுத்து: 1970க்குப் பின் பிறந்த வளர்ந்தோர் தம் ஊசிப் பதிவைச் சரிபார்த்தல் வேண்டும். போர்க்காலத்திலும் இடப்பெயர்விலும் ஊசி அட்டைகளைத் தொலைத்தோர் நம்மிடையே பலர். பதிவு இல்லையெனில் ஊசி போடப்படவில்லை என்றே கொள்ளப்படும். முன்னர் போட்டிருந்தாலும் மீண்டும் போடுவதால் தீங்கில்லை. ஊசி பெற்றவரிடமிருந்து நோயாளருக்கு நோய் தொற்றாது.

கொப்புளிப்பான்: இந்நோய் வராதவரும் ஊசி பெறாதவருமான குடும்பத்தார் தம் வைத்தியரிடம் கேட்டல் வேண்டும். வெப்ப நாடுகளில் வளர்ந்தோரிற் பலருக்குச் சிறுவயதில் இந்நோய் வந்திருப்பதில்லை. ஊசிக்குப் பின் கொப்புளங்கள் தோன்றினால், அவை ஆறும்வரை நோயாளரிடமிருந்து விலகியிருத்தல் வேண்டும்.

வீட்டில் கைக்குழந்தை இருப்பின் ஒரு குறிப்பு: ரோட்டா வைரசுச் சொட்டு மருந்து பெற்ற குழந்தையின் மலத்தில் வலுவிழந்த வைரசு சில காலம் வெளியேறும். அக்காலத்தில் அணையாடை மாற்றும் பணியை நோயாளர் செய்யாதிருத்தல் நன்று. மாற்றுபவர் கைகளை நன்கு கழுவுதல் வேண்டும். குழந்தைக்கு அம்மருந்தை மறுக்க வேண்டியதில்லை.

பரிந்துரைக்கப்பட்ட ஊசிகளின் செலவைப் பொதுவாகக் கிராங்கன்காஸ ஏற்கிறது. ஹவுஸ்ஆட்ஸ்ட் எனப்படும் குடும்ப வைத்தியரிடம் இம்ஃப்பாஸ் என்னும் மஞ்சள் நிறப் பதிவேட்டைக் காட்டி, "என் வீட்டில் நிர்ப்பீடனம் குன்றியவர் ஒருவர் உள்ளார்" என்று சொல்லுதல் வேண்டும். இவ்வொரு வாக்கியம் கூறப்படாமையால் பலருக்கு உரிய ஊசி தவறிவிடுகிறது.

6. நோயாளர் தாமே கவனிக்க வேண்டியவை

அக்கி: சிறுவயதில் வந்த கொப்புளிப்பான் வைரசு நரம்புகளில் உறங்கிக் கிடந்து, நிர்ப்பீடனம் குன்றும்போது அக்கியாக வெளிப்படும். இது ஜேர்மன் மொழியில் குர்ட்டல்ரோஸ எனப்படுகிறது. இதற்கான செயலிழந்த ஊசி 60 வயதிலிருந்து அனைவருக்கும், நிர்ப்பீடனம் குன்றியோருக்கு அதற்கு முன்னரும் பரிந்துரைக்கப்படுகிறது.

ஆர்.எஸ்.வி.: 75 வயதிலிருந்து அனைவருக்கும், கடும் நோயுடையோருக்கு 60 வயதிலிருந்தும் ஒருமுறை ஊசி பரிந்துரைக்கப்படுகிறது.

ஈரல் அழற்சி பீ: இவ்வைரசு எவ்வித அறிகுறியுமின்றிப் பல்லாண்டுகள் உடலில் இருக்கக்கூடும். நிர்ப்பீடனத்தை அடக்கும் சிகிச்சை தொடங்கியதும் அது மீண்டெழுந்து ஈரலைச் சிதைக்கலாம். ஆகையால் சிகிச்சைக்கு முன் குருதிப் பரிசோதனை இன்றியமையாதது. 2021 ஒக்ரோபர் முதல், 35 வயது கடந்தோர் பொது உடற்பரிசோதனையின்போது ஈரல் அழற்சி பீ, சீ ஆகிய இரண்டுக்குமான பரிசோதனையை ஒருமுறை இலவசமாகப் பெறலாம்.

ஈரல் அழற்சி ஈ: இவ்வைரசு பன்றிகளிலும் காட்டுப்பன்றிகளிலும் காணப்படுகிறது. மெட் எனப்படும் பச்சைப் பன்றியிறைச்சி, நன்கு வேகாத ஈரல், பச்சைக் குழல் இறைச்சி ஆகியவற்றால் தொற்றும். உடல்நலமுள்ளோருக்குத் தானே ஆறிவிடும் இந்நோய், உறுப்பு மாற்றம் பெற்றவரின் உடலில் நிலைத்து ஈரலைச் சுருக்கக்கூடும். வேலைத்தலத்தில் பகிரப்படும் காலையுணவில் இதனைக் கவனித்தல் வேண்டும்.

மூலிகைகளும் கசாயங்களும்: "நிர்ப்பீடனத்தைக் கூட்டும்" என்ற நம்பிக்கையோடு உறவினர் அன்பாற் கொண்டுவரும் மருந்துகளிலேயே ஆபத்து மறைந்திருக்கலாம். மருந்துக்கடைகளில் தடையின்றிக் கிடைக்கும் யொஹானிஸ்கிரவுட் என்னும் மூலிகை, டக்ரோலிமுஸ், சிக்ளோஸ்போரின் ஆகியவற்றின் அளவைக் குருதியிற் குறைத்து, மாற்றப்பட்ட உறுப்பை இழக்கச் செய்யக்கூடும். கிரேப்புரூட் பழம் அவற்றின் அளவை ஆபத்தான வகையில் உயர்த்தும். சமையலில் இடும் மஞ்சளும் இஞ்சியும் அச்சத்திற்குரியவையல்ல. மாத்திரையாகவும், தூளாகவும், செறிவூட்டிய கசாயமாகவும் வருபவற்றை, பொதியை எடுத்துச் சென்று வைத்தியரிடமோ அப்போதேக ஊழியரிடமோ காட்டிய பின்னரே உட்கொள்ளல் வேண்டும்.

7. காற்று, முகக்கவசம், கைகள்

சுவாச வைரசுகள் மூடிய அறையிற் செறிகின்றன. குளிர்காலத்திலும் நாளொன்றுக்குப் பல தடவைகள் சாளரங்களை முழுமையாகத் திறந்து, ஐந்து நிமிடங்களேனும் காற்றை மாற்றுதல் வேண்டும். விருந்தினர் இருக்கும் வேளையில் இதனை அடிக்கடி செய்தல் நன்று. சாளரத்தைச் சற்றே சாய்த்து வைப்பதால் காற்று மெதுவாகவே மாறும்.

நெரிசலான பேருந்திலும், வைத்தியரின் காத்திருப்பு அறையிலும் எஃப்.எஃப்.பி.2 முகக்கவசம் நோயாளருக்குத் துணையாகும். இதன் துணி நுண்துகள்களில் குறைந்தது 94 சதவீதத்தைத் தடுக்கும். ஆயினும் கன்னத்தில் இடைவெளி இருப்பின் அப்பயன் இல்லாதொழியும். வால்வு பொருத்திய கவசம் அணிந்தவரின் மூச்சை வெளியே விடுவதால், பார்க்கச் செல்வோர் அதனைத் தவிர்த்தல் வேண்டும்.

கை கழுவுதல் எளிய, உறுதியான காப்பு. சவர்க்காரமிட்டு 20 முதல் 30 வினாடிகள் கழுவினாற் போதும். கிருமி நீக்கும் திரவம் வாங்குவோர் குப்பியின் எழுத்துகளை நோக்குதல் வேண்டும். "பெக்றென்ஸ்ட் விருட்சீட்" என்று எழுதியிருப்பின், அது இன்புளுவென்சா, கொரோனா போன்ற உறையுள்ள வைரசுகளை அழிக்கும். வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாக்கும் நோரோ வைரசுக்கு அது போதாது. "பெக்றென்ஸ்ட் விருட்சீட் பிளஸ்" அல்லது "விருட்சீட்" என்ற குறிப்பு இருத்தல் வேண்டும். நோரோ வைரசு நோயாளரின் உடலிற் பல வாரங்கள் தங்கி அவரை உருக்குலைக்கும். ஆதலால் வீட்டில் ஒருவருக்கு வாந்தி கண்டால், அவருக்கு இயன்றால் தனிக் கழிப்பறை ஒதுக்குதல் வேண்டும். நோயாளருக்குரிய உணவை அவர் சமைக்கலாகாது.

8. வருகையும் விழாவும்

நோயுற்றவரைச் சென்று பார்ப்பது தமிழரிடையே கடமையாகக் கருதப்படுகிறது. வராதவர்மீது மனத்தாங்கல் எழுவதும் உண்டு. நிர்ப்பீடனம் குன்றியவரின் வீட்டில் இம்மரபைச் சற்றே மாற்றிக் கொள்ளுதல் தேவையாகிறது. தடிமன், இருமல், காய்ச்சல், வாந்தி ஆகியவற்றுள் ஏதேனும் உள்ளபோது செல்லாதிருத்தலே அங்கு அன்பின் அடையாளம். அந்நாளில் தொலைபேசியில் அழைத்துப் பேசலாம். சமைத்த உணவை நோயற்ற ஒருவர் மூலம் வாசலில் வைக்கலாம்.

நோயாளர் தாமே விருந்தினரைத் தடுப்பது கடினம். மூத்தவரிடம் "வரவேண்டாம்" என்று சொல்ல நா எழாது. அப்பொறுப்பைக் குடும்பத்தில் வேறொருவர் ஏற்றல் வேண்டும். "அப்பாவுக்கு வைத்தியர் கட்டுப்பாடு விதித்திருக்கிறார், உங்களுக்குத் தடிமன் ஆறியதும் கட்டாயம் வாருங்கள், மாமா" என்பது போன்ற சொற்கள் எவர் மனத்தையும் புண்படுத்தா. நோயின் பெயரை வெளியிட வேண்டிய தேவையும் இல்லை.

விழாக்களை முற்றாகத் துறக்க வேண்டியதில்லை. ஹம் நகரில் 2002இல் குடமுழுக்குக் கண்ட ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயத்தின் தேர்த்திருவிழாவிற்கு ஆண்டுதோறும் பல்லாயிரவர் வருகின்றனர். கோடையில், திறந்த வெளியில், கூட்டத்தின் ஓரத்தில் நின்று தேரைத் தரிசிப்பதற்கும், மூடிய மண்டபத்தில் பல மணி நேரம் தோளோடு தோள் உரசி அமர்வதற்கும் இடர் ஒன்றன்று. திருமண மண்டபத்திற் கதவோரம் இருக்கை அமைத்தல், நெரிசல் தணிந்தபின் வாழ்த்தச் செல்லுதல், கட்டித் தழுவுதலுக்குப் பதிலாகக் கைகூப்புதல் ஆகியன எளிய வழிகள். கைகூப்பும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே உள்ளது.

9. காய்ச்சலோ தொடர்போ ஏற்பட்டால்

நிர்ப்பீடனம் குன்றியவருக்குக் காலமே மருந்தின் பாதி. உடல்வெப்பம் 38 பாகையை எட்டினால், அல்லது சிகிச்சை நிலையம் குறித்துத் தந்த அளவைத் தொட்டால், காலைவரை காத்திராது அந்நிலையத்தை அழைத்தல் வேண்டும். கோர்ட்டிசோன் உட்கொள்வோருக்குக் கடும் தொற்றிலும் காய்ச்சல் குறைவாகவே காணப்படலாம்.

வைரசு எதிர்ப்பு மருந்துகளுக்குக் கால எல்லை உண்டு. இன்புளுவென்சாவிற்கான மருந்தை இயன்றவரை 48 மணி நேரத்திற்குள்ளும், அக்கிக்கான மருந்தை 72 மணி நேரத்திற்குள்ளும், கொவிட்-19இற்கான பக்ஸ்லோவிட்டை ஐந்து நாட்களுக்குள்ளும் தொடங்குதல் வேண்டும். பக்ஸ்லோவிட் டக்ரோலிமுஸின் அளவைப் பன்மடங்கு உயர்த்துவதால், உறுப்பு மாற்றம் பெற்றோர் தம் சிறப்பு வைத்தியரைக் கேளாது அதனைத் தொடலாகாது.

சின்னமுத்து அல்லது கொப்புளிப்பான் உடையவரோடு நோயாளர் ஒரே அறையில் இருந்தது தெரியவந்தால், அறிகுறி தோன்றும்வரை காத்திருத்தல் தவறு. ஆயத்தப் பிறபொருளெதிரிகளை ஊசிமூலம் செலுத்தி நோயைத் தடுக்கவோ தணிக்கவோ இயலும். சின்னமுத்திற்கு இது ஆறு நாட்களுக்குள் செய்யப்படல் வேண்டும். கொப்புளிப்பானுக்கு விரைவில் செய்யும் அளவிற்குப் பயன் மிகும். ஆகையால் தம் பிள்ளைக்கு இந்நோய் வந்தது அறிந்த பெற்றோர், அண்மையிற் சந்தித்த நோயாளரின் குடும்பத்திற்கு உடனே தெரிவித்தல் வேண்டும். வெட்கத்தால் மறைக்கப்படும் ஒரு நாள், இழக்கப்படும் ஒரு நாளாகும்.

வைத்தியர் நிலையம் மூடியிருக்கும் வேளையில் 116117 என்ற எண்ணை அழைக்கலாம். மூச்சுத்திணறல், மயக்கம், குழப்பம் ஆகியன காணப்பட்டால் 112. அழைக்கும்போது முதல் வாக்கியத்திலேயே நிர்ப்பீடனம் குன்றியவர் என்பதையும், உட்கொள்ளும் மருந்துகளையும் கூறுதல் வேண்டும். மருந்துப் பட்டியலைக் கைப்பையில் எப்போதும் வைத்திருத்தல் நன்று. மொழிபெயர்ப்புக்கு வளர்ந்தவரையே துணைக்கொள்ளல் வேண்டும். பிள்ளைகளின் தோளில் அச்சுமையை ஏற்றலாகாது.

10. தாயகப் பயணம்

இலங்கைக்கோ இந்தியாவிற்கோ செல்ல எண்ணும் நோயாளர், பயணச்சீட்டு வாங்குமுன்னரே வைத்தியரைச் சந்தித்தல் வேண்டும். சில ஊசிகளுக்குப் பல வாரங்கள் தேவைப்படும். ஈரல் அழற்சி ஏ ஊசி செயலிழந்த வகை என்பதால் அதனைப் பெறலாம். ஐரோப்பாவில் வழங்கப்படும் கியூடெங்கா என்னும் டெங்கு ஊசி உயிருள்ள வகை. நிர்ப்பீடனம் குன்றியோருக்கு அது ஏற்றதன்று. அவர்களுக்குப் பகலிலும் நுளம்புக் கடியைத் தவிர்த்தலே காப்பு. மருந்துகளைக் கையுடன் எடுத்துச் செல்லும் பொதியில், தேவையிலும் மேலாக வைத்திருத்தல் வேண்டும்.

11. உரிமைகளும் உதவிகளும்

நிர்ப்பீடனத்தை நீண்டகாலம் அடக்கும் நிலை, ஊனமுற்றோருக்குரிய சட்டப் பாதுகாப்பைப் பெற்றுத்தரக்கூடும். சிறுநீரகம் மாற்றப்பட்டவருக்குப் பொதுவாக முதல் இரு ஆண்டுகளுக்கு 100 என்றும், அதன்பின் 50க்குக் குறையாமலும் ஊன அளவு கணிக்கப்படுகிறது. 50 இருப்பின் ஷ்வேர்பெஹிண்டர்டன் அட்டை கிடைக்கும். அதனால் வேலைநீக்கத்திற்கு எதிரான கூடுதற் பாதுகாப்பும் மேலதிக விடுமுறையும் உண்டு. விண்ணப்பிக்க வேண்டிய அலுவலகம் மாநிலத்திற்கேற்ப வேறுபடும். வைத்தியசாலையின் சமூக சேவைப் பிரிவினர் வழிகாட்டுவர்.

வேலைத்தலத்தில் நோயின் பெயரை முதலாளியிடம் கூற வேண்டியதில்லை. நிறுவன வைத்தியர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். தனியறை, மாற்றுப் பணி போன்ற ஏற்பாடுகளை அவர் பரிந்துரைக்கலாம். பன்னிரண்டு வயதிற்குட்பட்ட பிள்ளை நோயுற்றால் வீட்டில் தங்கும் பெற்றோருக்குக் கிராங்கன்காஸ கொடுப்பனவு வழங்குகிறது. ஆகையால் நோயுற்ற பிள்ளையை, மருந்தால் காய்ச்சலைத் தணித்துக் கீட்டாவிற்கு அனுப்ப வேண்டியதில்லை. அந்தக் கீட்டாவிலும், நிர்ப்பீடனம் குன்றிய ஒருவரின் பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கலாம்.

தடுப்பூசி, தொற்றுநோய் ஆகியன பற்றிய ஐயங்களுக்கு ஒவ்வொரு நகரிலும் மாவட்டத்திலும் உள்ள கெசுண்ட்ஹைட்ஸ்அம்ட் எனப்படும் சுகாதார அலுவலகத்தை அணுகலாம்.

மீட்டற் பயிற்சி

குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து பின்வரும் வினாக்களுக்கு விடை காணுதல் நன்று.

1. நம் வீட்டில் அல்லது நெருங்கிய உறவில் நிர்ப்பீடனம் குன்றியவர் யார்? அவருடைய மருந்துப் பட்டியல் எங்கே உள்ளது?

2. வீட்டிலுள்ள ஒவ்வொருவருடைய இம்ஃப்பாஸும் கைவசம் உள்ளதா? சின்னமுத்து ஊசி பற்றிய பதிவு அதில் உண்டா?

3. இவ்வாண்டின் இன்புளுவென்சா ஊசியை எவர் இன்னும் பெறவில்லை?

4. நோயாளர் உட்கொள்ளும் கசாயம், தூள், மாத்திரை யாவும் வைத்தியருக்குத் தெரியுமா?

5. தடிமனோடு வரும் விருந்தினரிடம் பேசும் பொறுப்பு யாருடையது?

6. நள்ளிரவிற் காய்ச்சல் கண்டால் முதலில் அழைக்க வேண்டிய எண் எது? அது யாவரும் காணும் இடத்தில் எழுதப்பட்டுள்ளதா?

இவ்வாறு வினாக்களுக்கும் விடை தெரிந்த வீட்டில், வலுக்குறைந்தவரைச் சூழ ஓர் அரண் ஏற்கெனவே எழுந்துவிட்டது.